தெரியாத மாதிரி ஒரு நீச்சல்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மூத்தவளைக் குளத்து நடுவில் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டுப் போய்விட்டோம். கரையேறினாளா இல்லையா என்று எத்தனை பேருக்குத் தூக்கம் கெட்டதோ! கெட்டிருக்க வேண்டியதில்லை. நீச்சல் தெரிந்தவள் நாலு வாய் தண்ணீர் குடித்தால் வயிறு உப்பும், அவ்வளவுதான்.

ஆமாம், நீச்சல் தெரிந்தவள். அது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியாது.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூத்தவளுக்கு எட்டு வயது நடக்கும்போது, "இந்த லீவுல உனக்கு நீச்சல் கத்துத் தரேன்" என்று வாக்குக் கொடுத்தார் அப்பா. லீவு வந்தது. அப்பா இல்லை. வேறு ஒருத்தியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அது நடந்து முப்பத்தோரு வருஷம். இத்தனை வருஷத்தில் இரண்டு கல்யாண வீட்டிலும் ஒரு சாவு வீட்டிலும் தூர நின்று தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி.

அந்த வேறு வீட்டில் பிறந்தவள்தான் இளையவள். இருபத்தேழு வயது, சுளீரென்ற வாய். இந்தக் குளிர்கால விடுமுறைக்கு ரிசார்ட்டில் இடம் பிடித்துவிட்டு, யாரையும் கேட்காமல் மூத்தவளுக்குப் போன் பண்ணி, "வாங்கக்கா, நாலு நாள்தானே, வந்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று நச்சரித்து வரவழைத்தது அவள்தான்.

வந்த அன்றே அது நடந்தது. வெளியில் நல்ல குளிர், குளத்தில் வெந்நீர், எங்கே பார்த்தாலும் ஆவி. அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டார்.

"உனக்கு இன்னும் நீச்சல் தெரியாதாம்மா?"

இருபத்தொன்பதாவது வயதில், வீம்புக்காகவே நகராட்சிக் குளத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டு, பத்து வருஷமாக வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறவள், "தெரியாதுப்பா" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ வா. நான் சொல்லித் தரேன்" என்று அவர் கையை நீட்டினார். முப்பத்தோரு வருஷமாகக் காத்திருந்த கை கண் முன்னால் நீண்டால், "வேண்டாம், எனக்கு வரும்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எனக்கு வராது. உங்களுக்கு வந்தால் நீங்கள் பெரிய ஆள்.

இரண்டு நாள் இரண்டு பாடம் ஆயிற்று. இன்று மூன்றாவது. நாளைக் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ஆக, மீதி இருப்பது ஒரே ஒரு பாடம்.

*

காலை ஏழு மணிக்குக் குளத்தைத் திறந்தார்கள். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது: காற்று 2 டிகிரி, தண்ணீர் 34 டிகிரி.

மூத்தவள் அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "ஸ்ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்தடி ஓடித் தண்ணீருக்குள் இறங்கினாள். கழுத்துக்குக் கீழே கோடைகாலம், கழுத்துக்கு மேலே குளிர்காலம். ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் தெரியாத அளவுக்கு ஆவி. அந்தத் தைரியத்தில்தான் வந்திருந்தாள். இரண்டு நாளாகத் தெரியாத மாதிரி கையையும் காலையும் உதறி உதறி உடம்பெல்லாம் நமநமவென்றிருந்தது. நீச்சல் கற்றுக்கொள்வதைவிட மறந்த மாதிரி நடிப்பது பெரிய பாடு என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஆசை தீர நீந்தினாள். அந்தக் கோடிக்குப் போய், சுவரை உதைத்துத் திரும்பி, இந்தக் கோடிக்கு வந்து, மறுபடி உதைத்து. பன்னிரண்டாவது தடவை வந்து கம்பியைப் பிடித்தபோது, மூக்குக்கு நேராக இரண்டு பாதங்கள் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தன.

"பன்னிரண்டு" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

நிமிர்ந்தாள். கம்பளித் தொப்பியும் அங்கியுமாக இளையவள்.

"எண்ணிக்கிட்டே இருந்தேன். யாரோ போட்டிக்குப் பழகுறவங்கன்னு நினைச்சேன். கிட்ட வந்தா, நான் உங்களுக்குக் குடுத்த மஞ்சள் தொப்பி."

மூத்தவள் திருதிருவென்று விழித்தாள். "சும்மா... வருதான்னு பார்த்தேன்."

"சும்மாவா? சுவத்தை உதைச்சுத் திரும்புறீங்களேக்கா! எனக்கே அது ஒழுங்கா வராது."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லப் போறியா?"

இளையவள் அங்கிப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். "இதைப் பாருங்க. நேத்து சாப்பிட்டு வந்ததும் உக்காந்து எழுதினார். அழகா இருக்கேன்னு படம் எடுத்து வச்சேன்."

ரிசார்ட்டின் சலவைச் சீட்டு. அதன் பின்பக்கம் அப்பாவின் கட்டைக் கையெழுத்து. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், எதைச் செய்தாலும் பராமரிப்பு அட்டை மாதிரி எண் போட்டுத்தான் எழுதுவார்.

மூன்றாம் நாள். 1. பயம் தெளியப் பேச்சு, ஐந்து நிமிஷம். 2. முகம் தண்ணீரில், பத்து எண்ணும்வரை. 3. மல்லாந்து மிதத்தல். கையை எடுக்கக் கூடாது.

'கூடாது' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

"எனக்கு இப்படியெல்லாம் அவர் எழுதி வச்சுச் சொல்லித் தரலைக்கா" என்றாள் இளையவள். "தூக்கித் தண்ணியில போட்டார். தத்தளிச்சேன், நீந்தினேன். முடிஞ்சுது. உங்களுக்குத்தான் இந்த உபசாரம்."

அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று மூத்தவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷமும் பொறாமைப்படும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

"அவருக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. அவரைக் கோமாளி ஆக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"சொன்னா இன்னிக்குப் பாடம் இருக்காது."

"பாடம் இல்லேன்னா என்ன? உக்காந்து பேசுங்களேன்."

"என்னத்தைப் பேசுறது?" மூத்தவள் மஞ்சள் தொப்பியைக் கழற்றினாள். "மூணு வேளையும் ஒண்ணா சாப்பிடறோம். உப்பு எடும்மாங்கிறார், எடுத்துக் குடுக்கறேன். அதுக்கு மேல எங்களுக்குள்ள என்ன இருக்கு? தண்ணியில நின்னா கையைப் பிடிக்கிறார். அதுக்குத்தான்டி. வேற ஒண்ணுமில்ல."

"டி" தன்னை மீறி வந்துவிட்டது. இளையவள் அதைக் கவனித்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகியது.

"புரியுதுக்கா" என்று எழுந்தாள். "ஆனா பொய் பொய்தானே? சாயங்காலம்."

*

காலைச் சாப்பாட்டுக்கு அப்பா பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். வரும்போதே வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பி முறைத்துக்கொண்டே வந்தார்.

"மூணாவது மாடியில லிஃப்ட் அரை அங்குலம் மேல நிக்குது. சொன்னா, 'அப்படியா சார், நல்ல நாளா இருக்கட்டும் சார்'ங்கிறான். எனக்கு எதுக்குய்யா நல்ல நாள்? யாராவது தடுக்கி விழுந்தா அவனுக்கு இருக்கு நல்ல நாள்."

"லீவுக்கு வந்த இடத்துலயும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் அவர் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. அமைதியான அம்மாள். ஒரு நூலகத்தில் வேலை. பேசும்போதும் நூலகத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். மூத்தவள் மூன்று நாளாக அவரை 'சித்தி' என்றும் கூப்பிடாமல், பெயர் சொல்லியும் கூப்பிடாமல், "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க" என்று இப்போதும் பால் குவளையை நகர்த்தினாள்.

"பாப்பா, அந்த ஜாமை இப்படித் தள்ளு" என்றார் அப்பா.

மூத்தவளின் கை தானாக ஜாம் பாட்டில் பக்கம் போய் நின்றது. அவர் கூப்பிட்டது இளையவளை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், அவர் விட்டுப்போன வீட்டில், பாப்பா என்றால் இவள்தான். மேஜையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அப்பாவுக்காவது தெரிந்ததா என்று பார்த்தாள். அவர் ஜாமைத் தடவிக்கொண்டிருந்தார்.

இளையவள் எதிரிலிருந்து கண்ணைக் காட்டினாள். சொல்லுங்க, இப்போ.

"அப்பா" என்று ஆரம்பித்தாள் மூத்தவள்.

"சொல்லும்மா."

"நீச்சல்..."

"ஆங், நாலு மணிக்குத்தான். சின்னக் குளம். பெருசுல பிள்ளைங்க கூச்சல், உனக்கு இன்னும் பயமாகிடும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் தண்ணியில இறங்கக் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ. மத்தியானம் வயித்தை நிரப்பிக்காதே, கொஞ்சமாச் சாப்பிடு."

கொஞ்சமாகச் சாப்பிடு என்று அவர் அவளிடம் சொல்லி எத்தனை வருஷம்! அவள் மென்று முழுங்கினாள், ரொட்டியையும் சொல்ல வந்ததையும்.

"சரிப்பா" என்றாள்.

இளையவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

*

மத்தியானம் அம்மா போன் பண்ணினாள். ரிசார்ட்டுக்குப் போகிறேன் என்று மூத்தவள் சொன்ன நாளில், "போயிட்டு வா, எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வராதே" என்ற இரண்டு வாக்கியத்தோடு முடித்துக்கொண்ட அம்மா. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"குளிருக்குக் காதை மூடிக்கிறியா?"

"மூடிக்கிறேன்மா."

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துது. உன் எக்ஸ்ரே ரூம் சாவி எங்கேன்னு கேட்டாங்க. டிராயர்லன்னு சொல்லிட்டேன்." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தண்ணியில இறங்கினியா?"

"ம்."

"அவர் பார்த்தாரா?"

மூத்தவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "எதைம்மா?"

"உன் நீச்சலைத்தான். என்ன சொன்னார்?"

"இன்னும் பார்க்கலைம்மா."

"காட்டுடி! நல்லாக் காட்டு. அவர் வந்து கையைப் பிடிச்சாத்தான் ஆச்சுன்னு இங்க யாரும் உக்காந்திருக்கலைன்னு தெரியட்டும். நகராட்சிக் குளத்து வாசல்ல தினம் துண்டை வச்சுக்கிட்டு நின்னேனே, அந்தக் காலுக்காவது."

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி மூத்தவள் கேட்டதில்லை.

"காட்டுறேன்மா" என்றாள்.

ஆக, சொல்லிவிடச் சொன்னாள் தங்கை. காட்டிவிடச் சொன்னாள் அம்மா. இரண்டும் நியாயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவளுக்கு வேண்டியது நியாயம் இல்லை. நாலு மணியிலிருந்து நாலரை மணிவரை ஒரு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியில் அவள் எட்டு வயதுக்காரியாக இருக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதில் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஆசை, ஆனாலும் ஆசை.

மணி இரண்டேகால். படுத்தாள், எழுந்தாள், நீச்சல் உடையை ஹீட்டர் மேலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று, "அப்பா, எனக்கு நீச்சல் தெரியும்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளுக்கே அழுகை வந்தது. விட்டுவிட்டாள்.

*

சின்னக் குளத்தில் அப்பா ஏற்கெனவே இறங்கி நின்றுகொண்டிருந்தார். தலையில் தொப்பி, காதில் பஞ்சு. குளத்துக்குப் பின்னாலிருந்த இலையில்லாத மரங்களுக்கு நடுவே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வேறு ஆளே இல்லை.

"வா வா, குளிர்ல நிக்காதே."

படிக்கட்டில் இறங்கினாள். அவர் கை நீட்டினார். பிடித்தாள். கடினமான உள்ளங்கை, கட்டைவிரல் பக்கம் பழைய தழும்பு. ஒரே ஒரு நிமிஷம், அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."

அது பொய்யில்லை. பயம் தண்ணீரைப் பற்றி இல்லை, அவ்வளவுதான்.

"பயப்படறதுல தப்பே இல்லை. பயப்படாதவன்தான் லிஃப்ட் குழியில கையை விட்டுட்டு வந்து நிப்பான். நான் பயந்தவன், அதான் பத்து விரலும் இருக்கு." பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அவள் சிரித்தாள். ஒன்றாம் எண் இதுதான் போலிருக்கிறது.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"அஞ்சு நிமிஷம் ஆச்சும்மா. முகத்தை வை."

"இல்லப்பா, அது வந்து..."

"முகம் முதல்ல. பேச்சு அப்புறம். நான் தோள்ல தட்டுறேன், பத்துத் தட்டு முடிஞ்சதும் எந்திரி."

மூச்சை இழுத்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். தோளில் ஒரு விரல் தட்டியது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அவளுக்கு இரண்டு நிமிஷம்கூட மூச்சுப் பிடிக்க வரும். ஆறு. ஏழு. எட்டோடு நிறுத்திவிட மாட்டாரா, பத்து வரவே கூடாது என்று இருந்தது. பத்து வந்தது. எழுந்து, தெரியாதவள் மாதிரி இருமிக் காட்டினாள்.

"சபாஷ். இப்போ மல்லாந்து படு. நான் இருக்கேன்."

ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குக் கீழே. படுத்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் உலகத்தின் சத்தம் நின்றது. மேலே வெளுத்த வானம், ஆவி, அப்பாவின் முகவாய். இதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம் என்று தோன்றியது.

அப்பா அவள் தலையை மெதுவாக நிமிர்த்தி, அவளை நிற்க வைத்தார்.

"என்னப்பா? காலை மடக்கிட்டேனா?"

"உனக்கு நீச்சல் தெரியும்" என்றார்.

அவளுக்குக் காதுக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்று சந்தேகம். போகவில்லை.

"சொல்லிட்டாளா?"

"யாரு? பாப்பாவா? அவளுக்கும் தெரியுமா?" அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "யாரும் சொல்லலைம்மா. முதல் நாளே தெரியும்."

"முதல் நாளேவா?"

"நாப்பது வருஷம் கனத்தோட மல்லுக்கட்டினவன் நான். கையில ஒண்ணு உக்காந்தா எத்தனை கிலோன்னு சொல்லிடுவேன். நீச்சல் தெரியாதவங்க மல்லாந்து படுத்தா, மொத்தக் கனத்தையும் நம்ம கையில போட்டுடுவாங்க. கழுத்தைக் கட்டிப் பிடிப்பாங்க. முதல் நாளே நீ அப்படிப் படுத்தே. உன் முதுகு என் கையில பட்டுது, அவ்வளவுதான். உக்காரவே இல்லை. காகிதத்தைத் தாங்குற மாதிரி இருந்துது."

மூத்தவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு நாள் நடிப்பு, குடித்த தண்ணீர், இருமல் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து மானத்தை வாங்கின.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குப்பா சொல்லித் தந்தீங்க? சீட்டுல எல்லாம் எழுதி வச்சு..."

"தெரியாதவளுக்குச் சொல்லித் தர சீட்டு வேண்டாம். தெரிஞ்சவளை மூணு நாள் ஓட்டணும்னா திட்டம் வேணும்." கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கேட்டார். "நீ எதுக்குத் தெரியாதுன்னே?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"நானும் அதுக்குத்தான்" என்றார் அப்பா.

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவரே கேட்டார்.

"யார் கத்துத் தந்தா?"

"நகராட்சிக் குளத்துல ஒரு டீச்சர். எனக்கு அப்போ இருபத்தொன்பது. என் கூடக் கத்துக்கிட்டதெல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. கரையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு அப்பாவோ அம்மாவோ துண்டோட நிப்பாங்க. எனக்கும் அம்மா வந்து நின்னாங்க."

அப்பா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மறுபடி அள்ளினார். நெஞ்சுவரை வெந்நீரில் நிற்கிற மனுஷர் முகம் கழுவ வேண்டிய அவசியம் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கிளம்பிடுவே" என்றார். "ஒரே ஒரு தடவை உன் கனத்தை என் கையில குடு."

"எப்படிப்பா?"

"நெஞ்சுல காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டுதான் நீ மிதக்குறே. அதை விட்டுடு. கொஞ்சமா மட்டும் இழுத்துக்கோ. கீழ போவே. நான் பிடிச்சுக்கறேன்."

"உங்களுக்குக் கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

படுத்தாள். 'மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆங், விடுங்க' என்று எக்ஸ்ரே அறையில் ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிறவள். யாராவது விடாமல் அடம்பிடித்தால் கோபம் வரும். இப்போது அவளாலேயே முடியவில்லை. விடுவாள், உடம்பு கொஞ்சம் இறங்கும், உடனே நெஞ்சு பயந்து காற்றை இழுத்துக்கொள்ளும். மறுபடி மேலே வந்துவிடுவாள். பத்து வருஷப் பழக்கம், யாருடைய கையும் இல்லாமல் மிதந்து மிதந்து உடம்புக்குள் ஊறிப்போனது.

அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். உள்ளங்கைகள் அப்படியே இருந்தன.

நெஞ்சுக்குள் காற்று மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. எட்டு வயதிலிருந்து கேட்காத கேள்வி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அம்மாவிடம் கேட்டதில்லை, அம்மா நொறுங்கிவிடுவாள். இவரிடம் கேட்டதில்லை, இவர் எழுந்து போய்விடுவார். ஏற்கெனவே போனவர்தானே.

வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்னை விட்டுட்டு ஏன்ப்பா போனீங்க?"

தன் குரலே தண்ணீருக்குள் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. கேட்டு முடித்தபோது நெஞ்சில் காற்று இல்லை. உடம்பு இறங்கியது. இடுப்பு, முதுகு, தோள், தலை எல்லாம். பயந்து இழுத்துக்கொள்ளுமுன் இரண்டு கைகள் கீழேயிருந்து வந்து ஏந்தின. அவ்வளவு கனமும் அவற்றின் மேல் போய் உட்கார்ந்தது. அப்பாவின் கால்கள் ஒருதரம் தடுமாறி ஊன்றிக்கொண்டதை அவளால் உணர முடிந்தது. கண்ணோரம் சூடாக வழிந்தது.

அப்பாவின் உதடுகள் அசைந்தன.

பதில் சொல்கிறார். ரொம்ப நேரம் சொல்கிறார். நடுவில் நிறுத்தி, எச்சிலை விழுங்கி, மறுபடி சொல்கிறார். அவள் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. மொணமொணவென்று ஒரு சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

தலையை இரண்டு அங்குலம் தூக்கினால் போதும். முப்பத்தோரு வருஷத்துக் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கினால் உடம்பு விறைக்கும், காற்று வந்துவிடும், அவர் கையிலிருந்து கனம் போய்விடும்.

அவள் தூக்கவில்லை.

கண்ணை மட்டும் திருப்பினாள். கரையில் இளையவள் நின்றிருந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டதே, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருக்கிறாள். அவள் காதில் தண்ணீர் இல்லை. அப்பா சொல்வது ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கக் கேட்க, அந்தச் சுளீர் வாய்க்காரி ஒன்றும் பேசாமல், ஈரமும் குளிருமாகக் கிடந்த கல்தரையில், போட்டிருந்த உடுப்போடு மெதுவாக உட்கார்ந்தாள்.

அப்பா பேசி முடித்தார். குனிந்து மூத்தவளின் முகத்தைப் பார்த்தார். இப்போது அவர் உதடுகள் அசைந்தது கொஞ்சம்தான். ஏதோ கேட்கிறார். கேட்டுவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பயந்துகொண்டே காத்திருக்கிறார். கையை மட்டும் எடுக்கவில்லை.

என்ன கேட்டார் என்று மூத்தவளுக்குத் தெரியாது.

"சரிப்பா" என்றாள்.